‘என் லேப்டாப்ல ஓடுதே ப்ரோ!’ – கிட்டில் சேர்க்க மறந்த ஒரு கான்ஃபிக் ஃபைல் என்னவெல்லாம் செய்யும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிறுசேரி சிப்காட். ஒரு டீம் புது வசதி ஒன்றை ரிலீஸ் செய்துவிட்டு லேப்டாப்பை மூடுகிறது. மறுநாள் டீம் அவுட்டிங். ஓஎம்ஆரிலேயே திருப்போரூர் வழியாக நேராகப் போனால் மாமல்லபுரம் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சனிக்கிழமை காலை, கடற்கரைக் கோயில் டிக்கெட் வரிசையில் நிற்கும்போது போன் அடிக்கிறது.

“ப்ரோ, பேமென்ட் எதுவுமே போக மாட்டேங்குது. நேத்து என்ன மாத்துனீங்க?”

“என் லேப்டாப்ல நல்லா ஓடுதே ப்ரோ...”

இரண்டு மணி நேரம் தேடிய பிறகு காரணம் கிடைக்கிறது. புது வசதிக்காக உருவாக்கிய இருபது வரி கான்ஃபிக் ஃபைல், கிட்டில் சேரவே இல்லை. உலகத்திலேயே அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது: மேடவாக்கத்தில் ஒரு ரூமில், சார்ஜில் போட்டிருக்கும் லேப்டாப்பில்.

காட்சி கற்பனைதான். ஆனால் சாஃப்ட்வேர் துறையில் நாலு வருடம் இருந்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், “அட, இது என் கதையாச்சே” என்பார்கள். இதைச் சின்ன மறதி என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே வகைத் தவறு ஒரு அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தை முக்கால் மணி நேரத்தில் கவிழ்த்திருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், மாமல்லபுரத்திலேயே கொஞ்சம் நிற்போம்.

ஸ்கோர்ஷீட்டும் கடிகாரமும்

வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 44-வது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். அங்கே ஆடிய ஒவ்வொருவரும் தன் நகர்வையும் எதிராளியின் நகர்வையும் ஸ்கோர்ஷீட்டில் எழுதியபடியே ஆடினார்கள். அது விருப்பம் இல்லை, ஃபிடே விதி. அதனால்தான் குகேஷ் முதல் எட்டுச் சுற்றையும் தொடர்ந்து ஜெயித்தாரே, அந்த ஆட்டங்களில் எதையும் இன்றைக்கும் எந்த நகர்விலிருந்தும் திரும்ப ஆடிப் பார்க்க முடிகிறது.

வெர்ஷன் கன்ட்ரோல் என்பது கோடுக்கான ஸ்கோர்ஷீட். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எழுதி வைக்கும். தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குப் பயன்படுத்துவது கிட்.

அந்த ஒலிம்பியாடில் முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், அதன்பிறகு 30 நிமிடம், முதல் நகர்விலிருந்தே நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்று நேரம் கொடுத்தார்கள். இந்த ஏற்பாடு கடிகாரத்தில் இருக்கும், நகர்வுப் பட்டியலில் இருக்காது. கடிகாரத்தில் அந்த 30 விநாடியை வைக்க மறந்துவிட்டால்? அதே பலகை, அதே காய்கள், ஆனால் ஆட்டம் வேறு.

கான்ஃபிக் ஃபைல் அந்தக் கடிகார செட்டிங் மாதிரி. எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், எந்த வசதி ஆன், எது ஆஃப் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கிட் ஏன் தானாகவே சேர்த்துக்கொள்வதில்லை?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக கிட்டை எழுதினார். ஃபோல்டரில் கிடக்கிறது என்பதற்காகவே ஒரு ஃபைலை அது சேர்த்துக்கொள்ளாது. ‘கிட் ஆட்’ என்று நீங்கள் சொன்னால்தான் சேர்க்கும். நியாயமான ஏற்பாடுதான். ஒரு ப்ராஜெக்ட் ஃபோல்டரில் லாக் ஃபைல், எடிட்டர் விட்டுச்சென்ற குப்பை, பில்ட் செய்து உருவானவை என்று என்னென்னவோ கிடக்கும். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் ரெப்போ குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

சிக்கல் நம் விரல்களில் இருக்கிறது. ஒரு ப்ராஜெக்ட் ஓட ஆரம்பித்த பிறகு அன்றாட வேலையில் பெரும்பகுதி, ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை மாற்றுவதுதான். அதற்கு ‘கிட் கமிட்’ என்பதோடு ‘ஹைஃபன் ஏ’ சேர்த்து அடித்தால் போதும், மாற்றியவை எல்லாம் போய்விடும். விரலுக்கு அது பழகிவிடுகிறது. ஆனால் அந்தக் கட்டளை புது ஃபைலைத் தொடாது. தொடவில்லை என்று கத்தாது. கமிட் வெற்றி என்றுதான் வரும்.

‘கிட் ஸ்டேட்டஸ்’ அடித்தால் ‘அன்ட்ராக்டு ஃபைல்ஸ்’ என்று காட்டும், உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் எப்போதும் முப்பது குப்பைப் பெயர்கள் இருந்தால், முப்பத்தோராவது பெயர் யார் கண்ணில் படும்?

இன்னொரு பொறி, கிட்இக்னோர் ஃபைல். ‘இந்த மாதிரிப் பெயர்களைக் கண்டுகொள்ளாதே’ என்று எப்போதோ, யாரோ எழுதி வைத்த பட்டியல் அது. அதில் ‘கான்ஃபிக் என்ற ஃபோல்டர் முழுக்க’ என்று ஒரு வரி இருந்தால் கதை முடிந்தது. நீங்கள் புதிதாக அங்கே வைக்கும் ஃபைல், ஸ்டேட்டஸில்கூட வராது.

சரி, கோட் ஃபைலையும் இப்படி மறக்கலாமே, கான்ஃபிக்கை மட்டும் ஏன் இவ்வளவு பேச வேண்டும்? விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு கோட் ஃபைலை மறந்தால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பில்ட் உடையும், பக்கத்து சீட்காரர் கத்துவார். கான்ஃபிக் ஃபைல் அப்படி இல்லை. ப்ரோக்ராம் ஓடும்போதுதான் அதைத் தேடும். கிடைக்காவிட்டால் பல ப்ரோக்ராம்கள் ‘பரவாயில்லை, என்னிடம் ஒரு டிஃபால்ட் இருக்கிறது’ என்று அதை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும்.

கோட் ரிவ்யூவும் இங்கே கைகொடுக்காது. ரிவ்யூ செய்பவருக்கு வந்து சேர்ந்த மாற்றங்கள்தான் திரையில் தெரியும். வராத ஃபைலை அவர் எப்படிப் பார்ப்பார்?

ஒரு குட்டி ஃபைல் இல்லாததால்...

‘ஃபைல் இல்லை’ என்று சர்வர் அலறி விழுந்தால் அது அதிர்ஷ்டம். சத்தம் போடாமல் டிஃபால்டில் ஓடினால்தான் ஆபத்து. இதற்கு நல்ல உதாரணம், வெர்ஷன் கன்ட்ரோல் சேவையையே தொழிலாக நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31-ல் நடந்தது.

ஸ்பேம் தாக்குதலால் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்த இரவு. அதன் நகல் சர்வர் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய, நகல் சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி நிரப்பலாம் என்று ஒரு பொறியாளர் கட்டளை அடித்தார். ஓரிரு விநாடியில் உறைத்தது, அடித்தது அசல் சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப் இருக்குமே? இருக்க வேண்டும். தினமும் அமேசான் ஸ்டோரேஜுக்குப் போயிருக்க வேண்டிய பேக்கப்பைத் தேடிப் போனால், அந்த இடம் காலி.

ஏன் காலி? அவர்களுடைய டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுக்கும் வேலை வேறொரு சர்வரில் ஓடியது. எந்த வெர்ஷன் டூலைப் பயன்படுத்த வேண்டும் என்பதை, டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஒரு குட்டி ஃபைலைப் படித்துத்தான் அது முடிவு செய்யும். அதில் வெர்ஷன் எண் மட்டும்தான் இருக்கும். பேக்கப் ஓடிய சர்வரில் டேட்டாபேஸே இல்லை என்பதால், அந்த ஃபைலும் இல்லை. எனவே டிஃபால்டாக 9.2-ஐ எடுத்துக்கொண்டது. பழைய டூல் புது டேட்டாபேஸைப் பார்த்து ‘முடியாது’ என்று எரர் கொடுத்து நின்றுவிட்டது, தினமும்.

எரர் வந்தால் மெயில் வருமே? வந்தது. ஆனால் அந்த மெயில்களில் டிமார்க் கேட்கும் கையெழுத்து இல்லாததால், வாங்க வேண்டிய மெயில் சர்வரே அவற்றைத் தள்ளிவிட்டது. (இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.)

ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கடைசியில் காப்பாற்றியது. தளம் முழுதாகத் திரும்ப மறுநாள் ஆனது. மக்கள் வைத்திருந்த கிட் ரெப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டேட்டாபேஸில் இருந்த அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின. சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதுப் பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனமே பின்னர் எழுதியது.

இது ‘கிட் ஆட்’ மறந்த கதை இல்லைதான். ஆனால் உள்ளே இருக்கும் கோளாறு அதேதான்: ஓர் இடத்தில் இருக்கும் ஃபைல் இன்னோர் இடத்தில் இல்லை, இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

எட்டில் ஒன்று

ஃபைல் போய்ச் சேராததற்கு மிகப் பெரிய விலை கொடுத்தது நைட் கேப்பிட்டல். நியூயார்க் பங்குச் சந்தையில் பெரிய அளவில் வியாபாரம் செய்த நிறுவனம். 2012 ஜூலை கடைசியில் புது கோடை எட்டு சர்வர்களில் கையால் ஏற்றினார்கள். ஏழில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்தார்கள். இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறை எதுவும் அங்கே இல்லை.

ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது. புது கோடை ஆன் செய்வதற்கான அதே ஃப்ளாக், எட்டாவது சர்வரில் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோடை எழுப்பிவிட்டது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்காக அது லட்சக்கணக்கான ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. 45 நிமிடத்தில் 154 பங்குகளில் 39.7 கோடி பங்குகள் கைமாறின. நஷ்டம் 46 கோடி டாலர்.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உத்தரவில் ஒரு தகவல் இருக்கிறது. சந்தை திறக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் சிஸ்டம், பழைய கோடின் பெயரைக் குறிப்பிட்டு 97 மெயில்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாகப் பார்க்கவில்லை. நிறுவனம் 1.2 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதற்கு முன்பே அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

கான்ஃபிக் என்றால் இளப்பமா?

சாஃப்ட்வேர் உலகத்தில் ஒரு சாதிப் பாகுபாடு உண்டு என்று சொல்வேன். கோட் என்றால் அது ‘வேலை’. ரிவ்யூ, டெஸ்ட், அப்ரூவல் எல்லாம் உண்டு. கான்ஃபிக் என்றால் அது ‘செட்டிங்’. “அதுவா, நான் சர்வர்ல நேரா மாத்திடுறேன்” என்று முடிந்துவிடும்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையாகி, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அதற்குப் பின்னால் இருந்ததும் இந்தப் பாகுபாடுதான். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோட் மாறும்போது வாடிக்கையாளர்கள் ‘எனக்கு ஒரு வெர்ஷன் பின்னால் வந்தால் போதும்’ என்று சொல்லிப் பாதுகாப்பாக இருக்க முடியும். ஆனால் அன்று போனது, கோட் இல்லை, கான்டென்ட் அப்டேட் என்ற பெயரில் ஒரு கான்ஃபிக் ஃபைல். அதற்கு அந்த வரிசை முறை கிடையாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன.

இதற்கு நேர்மாறாக, நெட்வொர்க் துறையில் கான்ஃபிக்கை எப்போதோ மரியாதையாக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். ரவுட்டர், ஸ்விட்ச்களின் கான்ஃபிக்கை வெர்ஷன் வாரியாக எடுத்து வைத்து, யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டுவதற்கென்றே தனி மென்பொருள்கள் விற்பனையில் இருக்கின்றன. அதில் ஒன்று செங்கல்பட்டு மாவட்டம் கூடுவாஞ்சேரி பக்கத்தில் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவிலிருந்து வருகிறது.

‘கான்ஃபிக்கை கிட்டில் போடாதேன்னு சொன்னாங்களே?’

புதிதாக வேலைக்குச் சேருபவர்களைக் குழப்புவது இதுதான். முதல் நாளே சீனியர் சொல்லிவிடுவார்: “பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எதையும் கமிட் பண்ணிடாதப்பா.” சரியான அறிவுரை. காரணமும் இருக்கிறது.

2016-ல் உபரின் தனிப்பட்ட கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள், அங்கே கிடந்த அமேசான் கிளவுட் சாவியை எடுத்துக்கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். உபர் அதை ஒரு வருடம் மறைத்தது, பிறகு அமெரிக்க மாகாணங்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுத்தது. டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவையில் 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை, கிட்டத்தட்ட ஐந்து வருடம், சர்வர் சாவி பொது ரெப்போவில் திறந்தே கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகள் வெளியே போயிருக்க வாய்ப்பிருந்தது. நம் ஊரிலும் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சரியாகப் பாதுகாக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி வைத்திருக்கிறது.

சாவியைத் தெரியாமல் கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. ஸ்கோர்ஷீட்டில் பழைய நகர்வு அப்படியே இருக்கும். சாவியையே மாற்ற வேண்டும்.

இந்தப் பயத்தில் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், கான்ஃபிக் மொத்தத்தையும் கிட்இக்னோரில் தள்ளிவிடுகிறார்கள். ரகசியம் இரண்டு வரி, மற்ற முப்பது வரியில் ஒரு ரகசியமும் இல்லை. இரண்டு வரிக்காக முப்பது வரியும் வரலாறே இல்லாமல் போகிறது. டைம்அவுட் 30 விநாடியிலிருந்து 5 விநாடியாக எப்போது மாறியது, ஏன் மாறியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வழி எளிதுதான். ரகசியம் இல்லாத வரிகள் கிட்டுக்குள் போகட்டும். ரகசியங்கள் சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிளிலோ, அதற்கென்று இருக்கும் சீக்ரெட் மேனேஜரிலோ இருக்கட்டும். என்னென்ன ரகசியங்கள் தேவை என்ற பெயர்ப் பட்டியலை மட்டும், மதிப்பைக் காலியாக விட்டு, மாதிரி ஃபைலாக கிட்டில் வையுங்கள். அடுத்து சேருகிறவர் “என்னென்ன வேணும் அண்ணா?” என்று நாலு பேரிடம் கேட்டு அலைய வேண்டாம்.

ஞாபகசக்தியை நம்பலாமா?

நம்பக் கூடாது. ‘இனிமேல் மறக்காமல் கிட் ஆட் பண்ணுவேன்’ என்பது புத்தாண்டுத் தீர்மானம் மாதிரி.

பலன் கொடுக்கும் விஷயம் ஒன்றுதான்: உங்கள் லேப்டாப் இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு கமிட்டுக்கும், ரெப்போவை ஒரு காலி மெஷினில் புதிதாக இறக்கி, அப்ளிகேஷனைத் தொடங்கிப் பார்க்கச் சொல்லி ஆட்டோமேட் செய்யுங்கள். டெஸ்ட் மட்டும் ஓட்டினால் போதாது, அப்ளிகேஷன் எழுந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத சின்ன டீமா? ரிலீஸுக்கு முன் வேறொரு ஃபோல்டரில் ஒருமுறை குளோன் செய்து ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, உங்கள் ப்ரோக்ராமுக்குக் கத்தக் கற்றுக்கொடுங்கள். தேவையான கான்ஃபிக் இல்லையென்றால் டிஃபால்டை எடுத்துக்கொண்டு சமாளிக்காமல், தொடங்கும்போதே ‘இந்தப் பெயருள்ள செட்டிங் இல்லை’ என்று சொல்லி நிற்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே நின்றிருந்தால், சனிக்கிழமை போன் வந்திருக்காது.

கிட்இக்னோர் மீது சந்தேகமா? ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையோடு ‘இக்னோர்டு’ ஆப்ஷனைச் சேர்த்து அடியுங்கள். ஒளிந்திருப்பவை எல்லாம் வரிசையாக வரும். ஒரு குறிப்பிட்ட ஃபைலை எந்த வரி மறைக்கிறது என்று ‘கிட் செக்-இக்னோர்’ சொல்லும்.

இன்னொன்று. கிட்டில் ஒருமுறைகூடச் சேர்க்காத ஃபைலை கிட் உங்களுக்கு மீட்டுத் தராது. ஃபோல்டரைச் சுத்தம் செய்ய ‘கிட் கிளீன்’ அடித்து, வாரக்கணக்கில் எழுதிய கான்ஃபிக்கைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். ‘கிட் ஸ்டாஷ்’ சாதாரணமாகப் புது ஃபைலை எடுத்து வைக்காது என்பதும் பலருக்குத் தெரியாது.

பழி யார் மேல்?

நம் ஊர் டீம்களில் இப்படி ஒன்று நடந்தால் முதல் கேள்வி, “யார் கமிட் பண்ணது?” பெரும்பாலும் டீமிலேயே இளையவர் பெயர் வரும். அப்ரைசலில் அது எதிரொலிக்கும்.

கிட்லேப் சம்பவத்தில் அழித்த பொறியாளரின் பெயரை நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வெளியிடவில்லை, ‘டீம் மெம்பர் 1’ என்று மட்டும் சொன்னது. வேலையை விட்டும் அனுப்பவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். நைட் கேப்பிட்டல் உத்தரவிலும் ஆணையம் குறை கண்டது, எட்டாவது சர்வரை மறந்த டெக்னீஷியனிடம் இல்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவர் கண்டுபிடிக்கும்படி ஏற்பாடு செய்யாத நிறுவனத்திடம். மறதியைத் தண்டித்தால் என்ன ஆகும் தெரியுமா? அடுத்தமுறை மறந்தவர், விஷயத்தைச் சொல்லாமல் சர்வரில் நேராகப் போய் ஃபைலை ஒட்டிவிடுவார். பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஃபைல் இன்னமும் கிட்டில் இருக்காது. அடுத்த ரிலீஸில் சர்வரைப் புதிதாக எழுப்பும்போது அதே பிரச்சினை, இந்தமுறை காரணம் தெரிந்த ஆள் வேறு கம்பெனியில்.

நோட்டீஸ் பீரியடில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். கடைசி நாளில் லேப்டாப்பை ஐடி டீமிடம் கொடுத்ததும் அடுத்தவருக்காக ஃபார்மட் செய்துவிடுவார்கள். ஹேண்ட்ஓவர் டாக்குமென்ட் எழுதும் முன், நீங்கள் தொட்ட ஒவ்வொரு ரெப்போவிலும் அந்த ‘இக்னோர்டு’ பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கும் ஃபைல் ஏதாவது அதில் இருந்தால், ரகசியத்தை நீக்கிவிட்டு மிச்சத்தை அன்றைக்கே கமிட் செய்துவிடுங்கள்.